சக்கரம் எறங்கிருச்சா

இன்னொரு தடவை தூக்கிப் பார்த்துடறேன் என்று மருதாசலம் சொன்னதும் வசந்தாமணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விமானத்தின் வயிற்றுக்குக் கீழே குனிந்தாள். விமானம் இரண்டு மர ஸ்டூல்களின் மேல் உட்கார்ந்திருந்தது, கால் இரண்டும் அந்தரத்தில். அவர் ரிமோட்டில் சுவிட்சைத் தட்டினார், உஸ்ஸென்று காற்று பாய்ந்து சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கி இறக்கைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன, மறுபடி தட்டினார், உஸ், வெளியே வந்து விறைத்து நின்றன. எறங்கிருச்சா என்று கேட்டார். எறங்கிருச்சுங்க. ரெண்டுமா? ரெண்டுந்தானுங்க. சரி என்று திரும்பிக்கொண்டார். அவளுக்குத்தான் சரியாகவில்லை. மூன்றடி தள்ளி நிற்கிற மனுஷன், மூக்குக்கு நேராக நிற்கிற சக்கரத்தை எதற்கு அவளிடம் கேட்கிறார்? நாலு கண் பார்த்தால் நல்லது என்பார், நல்லதுதான், கல்யாண ஜவுளிக்கும் அப்படித்தான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறோம், அதில் தப்பென்ன, தப்பில்லை, ஆனால் அதில்லை, அதில்லை என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி எத்தனை மாசமாக இருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் அவர் என்றால் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டு மூடிக்கொடுக்கிறவள் இவள். அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. எவ்வளவு போயிருக்கிறது என்பதுதான் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் விமானம் விடுகிற இந்தக் கிளப்பில் தெரிந்தால் நாளையிலிருந்து ரிமோட்டைத் தொட விடமாட்டார்கள், இவருக்கு அதுதான் உசுரு. தெரியாமலே போனால், போனால் என்ன, பதினெட்டுக் கிலோ, முன்னால் விசிறி சுற்றுகிற பெட்ரோல் என்ஜின், அது ஆகாசத்தில் இவர் கைவிரலை நம்பித் திரிகிறது, இந்தப் பக்கம் பந்தலில் பொம்பளைகளும் குழந்தைகளும் உட்கார்ந்து தட்டில் இட்லி தின்றுகொண்டிருக்கிறார்கள். அவள் பந்தலைப் பார்க்காமல் ஸ்டூலைப் பார்த்தாள்.

ஹரிகேன் என்பது விமானத்தின் பெயர். ரெண்டாவது உலகப்போரில் சண்டைக்குப் போனதாம், அதைத்தான் சின்னதாகச் செய்திருக்கிறார், சின்னது என்றால் இறக்கையை விரித்தால் வீட்டு ஹாலில் குறுக்கே நடக்க முடியாது. வசந்தாமணி வாயில் அது அரிக்கேன்தான், விளக்குக்கு வைக்கிற பேரை விமானத்துக்கு வைத்தவனைச் சொல்லணும். சாப்பாட்டு மேசையில் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு அதன்மேல் மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார், கால் பொருத்தி முடிக்கிறவரைக்கும் புருஷனும் பெண்டாட்டியும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு. ஒரு இறக்கை சமையற்கட்டுப் பக்கம், ஒரு இறக்கை சாமி ரூம் பக்கம். இடது வலது என்று சொன்னால் சண்டை வந்தது, யாருடைய இடது, மல்லாக்கக் கிடந்தால் ஒன்று, நிமிர்த்தினால் ஒன்று, எதிரே பறந்து வந்தால் இன்னொன்று, அதனால் சமையக்கட்டுக் கால், சாமி ரூம் கால் என்றே பேராகிப்போனது. சாமி ரூம் கால் சொன்ன பேச்சைக் கேட்கும். சமையக்கட்டுக் கால் பாதியில் நின்று யோசிக்கும், வரட்டுமா வேண்டாமா என்று, அப்புறம் மனசு வந்தால் வரும். அதற்காக எத்தனை பாடு. கால் மடங்குவதும் நீள்வதும் காற்றில்தான், விமானத்து வயிற்றிலிருக்கிற டப்பாவுக்குள் சைக்கிள் பம்பால் அதை அடித்து அடித்து அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. காத்து மீட்டர்ல முள் இறங்குது, எங்கியோ காத்துப் போகுது வசந்தா என்றார், பாத்திரம் கழுவுகிற சோப்பைக் கரைத்துக் குழாய் மூட்டிலெல்லாம் தடவச் சொன்னார், எங்க குமிழி வருதுன்னு கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுப் பாரு. அவள் பார்த்தாள், குமிழியைக் கண்டுபிடித்தாள். அவர் பார்க்கவில்லை. அவர் மூட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதே கேட்டிருக்கலாம். சக்கரத்தை மூடுகிற தகடு குழியின் ஓரத்தில் உரசுகிறது என்று அரத்தால் ராவினார், ராவிவிட்டு விரலால் தடவினார், மறுபடி ராவினார், கண் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது, அப்போதும் கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய கை, கைக்கே கண் இருக்கிறது என்று அவளே அவளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். காபி டம்ளருக்குள் ஆள்காட்டி விரலை விட்டுத்தான் பால் ஊற்றுகிறார், அதற்கு என்ன சமாதானம்? தெருவிளக்கு எரியலையா என்று கேட்டாரே, விளக்கு எரிந்துகொண்டிருந்ததே. கண்ணாஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போகாமல் தனியாகப் போய்வந்தார், என்ன சொன்னாங்க என்றால் சக்கர கொஞ்சம் ஏறியிருக்காம், சொட்டு மருந்து குடுத்தாங்க, அவ்வளவுதான். ஈரோட்டிலிருந்து மகள் போன் போட்டு அப்பாவுக்குச் சக்கர எறங்கிருச்சாம்மா என்று கேட்டபோது இவள் நினைப்பு முழுக்க மேசை மேல், ஒரு பக்கம் எறங்கிருச்சு கண்ணு, இன்னொரு பக்கம் மாட்டிக்கிச்சு என்றாள். எந்தப் பக்கம்மா என்றாள் மகள். அப்புறம் விளங்கி மூணு பேரும் சிரித்த சிரிப்பு. போனை வைத்த பிறகுதான் வசந்தாமணிக்கு நினைப்பு வந்தது, சக்கரை, சக்கரம், ஏறியது எறங்கவில்லை என்றால் அது கண்ணில் எறங்கும் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் சொன்னது. கேட்டுவிடலாம், ஒரு வார்த்தை, ஏனுங்க உங்களுக்கு எவ்வளவு தெரியுது. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். சொல்லாதவரைக்கும் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டு சோறாக்கலாம், துணி துவைக்கலாம்.

கிளப் செக்ரெட்டரி ஹரிபாஸ்கர் தொப்பியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்தான், நாற்பது வயசிருக்கும், எல்லாரும் அவனுக்கு அண்ணன் அக்கா. ரெடிங்களாண்ணா, காத்து மேக்க இருந்து வருது, பந்தலுக்கு மேல மட்டும் வேண்டாமுங்க என்றான். அதெல்லாம் எனக்குத் தெரியாதா தம்பி என்றார் இவர். அக்கா கூட நின்னாப் போதுமுங்க, அண்ணனுக்குக் கண்ணே அக்காதான் என்று அவன் சிரிக்க வசந்தாமணிக்கு உள்ளங்கால் சில்லிட்டது. தெரிந்துவிட்டதா? தெரிந்து சொல்கிறானா? இல்லை, சும்மா கேலி, புருஷன் பெண்டாட்டி ஜோடியாக நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் வாய் அரிக்கும். அவளும் சிரித்தாள். ஸ்டூலை எடுத்தார்கள், என்ஜின் உறுமியது, செம்மண் காட்டு நடுவே நீண்டு கிடந்த தார் ரோட்டில் அது குடுகுடுவென்று ஓடி, ஓட ஓட அவளுக்கு மூச்சு நின்று, எழும்பியது. சக்கரங்கள் மடங்கின. உள்ள போயிருச்சா? போயிருச்சுங்க. அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி நிற்பது அவள் இடம், அங்கே நின்றால் அவர் மூச்சு விடுவது கேட்கும். மேலே ஏறியதும் அந்த மூச்சு இளகியது. வெள்ளை வானத்தில் கறுப்பாக ஒரு சிலுவை, அதைப் படுக்கப்போட்டுத் திருப்பினார், தலைகீழாக ஒரு வட்டம் போட்டு நிமிர்த்தினார், பந்தலில் ஓவென்று சத்தம். பார், எவ்வளவு அழகாக ஓட்டுகிறார், கண் தெரியாதவர் செய்கிற காரியமா இது, நீயாக எதையாவது நினைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய், காபிக்கு விரல் விடுகிறவன் எல்லாம் குருடனா, என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டத் திட்ட நெஞ்சு லேசாக வந்தது, அப்பாடா என்றுகூட வாய்க்குள் சொல்லிவிட்டாள். ஏன் வசந்தா, இப்ப அது நம்மகிட்ட வருதா, போகுதா? சாதாரணமாகத்தான் கேட்டார். மணி என்ன ஆச்சு என்று கேட்கிற மாதிரி. வருதுங்க என்றாள். தெரிஞ்சுது, சும்மா கேட்டேன் என்றார். சும்மா கேட்டாராம். எத்தனை சும்மா.

சக்கரத்தை எறக்கறேன், தலைக்கு மேலாப்புல ஓட்டறேன், நல்லாப் பாத்துச் சொல்லு. அவள் கையை நெற்றியில் வைத்து அண்ணாந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது, கண்ணைச் சுருக்கினால் தண்ணீர் வருகிறது, துடைத்தால் அதற்குள் அது கடந்துவிடும், வந்தது, தடதடவென்று மேலே, அடிவயிறு தெரிந்தது, ஒரு கால்தான் தெரிந்தது. எந்தக் கால்? மனசுக்குள் அவசரமாக அதை மேசை மேல் மல்லாக்கப் போட்டாள், மூக்கு வாசலைப் பார்த்து, அப்படியென்றால் இது சாமி ரூம், அது சமையற்கட்டு. சமையக்கட்டுக் கால் வரலைங்க. நல்லாப் பாத்தியா? வரலைங்க. அவர் சுவிட்சைத் தட்டினார். தூக்கி மறுபடி விட்டார், டப்பாவிலிருக்கிற காற்று ஒவ்வொரு தடவைக்கும் குறையும் என்று அவளுக்குத் தெரியும், குறைந்துபோனால் வரவேண்டிய காலும் வராது, வீட்டிலென்றால் பம்பை எடுத்து அடித்துவிடலாம், ஆகாசத்துக்கு யார் பம்பைத் தூக்கிக்கொண்டு போவது. ஒற்றைக் காலோடு கீழே வந்தால் கால் இல்லாத பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போகுமாம், எந்தப் பக்கம் இழுக்கும், பந்தல் பக்கமா, காட்டுப் பக்கமா, அதை அவள் அவரிடம் கேட்டதே இல்லை, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்காமலே ஒரு பொம்பளை காலத்தை ஓட்டியிருக்கிறாள். மறுபடி வந்தது. சாமி ரூம் கால் நிற்கிறது. மற்றது பாதியில் நின்று யோசித்தது, அதே யோசனை, வரட்டுமா வேண்டாமா, வந்துடு தாயி, வந்துடு, இனிமேல் உன்னைச் சோம்பேறி என்று சொல்லமாட்டேன், மெதுவாக, சண்டி மாடு எழுந்திருக்கிற மாதிரி வந்து நீட்டிக்கொண்டது. பூட்டிக்கொண்டதா? பூட்டாத கால் தரையில் பட்டதும் மடங்கிவிடும், பூட்டுகிற டக் சத்தம் வீட்டில் கேட்கும், இங்கே என்ஜின் இரைச்சலில் எங்கே கேட்கிறது. எறங்கிருச்சா? நீட்டியிருக்கிறது, பூட்டியிருக்கிறதா தெரியாது, நீட்டியிருப்பதுதான் எறங்கியதா, எறங்கவில்லை என்றால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறார், பெட்ரோல் தீர்ந்தால் எப்படியும் வந்துதான் ஆகணும், ஆனால் அவள் சொல்லுக்கு இப்போது எவ்வளவு கனம், அவள் சொல்வதுதான் நடக்கிற மாதிரி அல்லவா இவர் நிற்கிறார். எறங்கிருச்சுங்க. ரெண்டும்? ரெண்டும் எறங்கிருச்சுங்க. சரி, பிளேனை எறக்கறேன் என்றார். எறக்கறது, எறங்கறது, நாள் முழுக்க இந்த ஒரு வார்த்தைதான், சக்கரத்துக்கும் அதுதான், சக்கரைக்கும் அதுதான், விமானத்துக்கும் அதுதான்.

தூரத்தில் திரும்பித் தாழ்ந்தது. வானத்தில் இருந்தவரைக்கும் கறுப்பாகத் தெரிந்தது, வானத்தை விட்டுக் காட்டுக்கு முன்னால் வந்ததும் அவள் கண்ணிலிருந்தே ஒரு நிமிஷம் காணாமல் போனது. பழுப்பும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக அடித்த பெயிண்ட், மேலே இருந்து பார்க்கிற எதிரிக்கு மண்ணோடு மண்ணாகத் தெரியணும் என்று அந்தக் காலத்தில் அடித்தது, அதே நிறம் கிடைக்க எத்தனை கடை ஏறி இறங்கினார். மண்ணோடு மண்ணாகத்தான் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு ஒசரம் இருக்கும் வசந்தா? பனை ஒசரமுங்க. இப்போ? ரெண்டு ஆள் ஒசரம். இந்த விளையாட்டைக் கொஞ்ச நாளாக விளையாடுகிறார், அவளையும் சேர்த்துக்கொள்வதற்காகத்தான் கேட்கிறார் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், கிறுக்கச்சி. ரோட்டுக்கு நேரா வருதா? நேராத்தான் வருது, இல்லைங்க, இந்தப் பக்கமா, பந்தல் பக்கமா ஒதுங்குதுங்க. அவள் குரல் கீச்சென்று போனது. எவ்வளவு ஒதுங்குது, பதறாமச் சொல்லு. ஒரு கட்டில் அகலம், இன்னும் வருதுங்க, ஐயோ, திருப்புங்க. விரல் அசைந்தது. அந்த விரல் ஒரு நெல் அளவு அசைந்திருக்கும், அங்கே பதினெட்டுக் கிலோ ஒருக்களித்து விலகியது. போதுமுங்க, போதும், இப்ப நேரா இருக்கு. பந்தலில் எவளோ சிரித்துக்கொண்டிருந்தாள், தன் தலைக்கு எது வந்தது எது விலகியது என்று தெரியாமல், யார் பெற்ற பிள்ளையோ நன்றாக இருக்கட்டும். ஒசரம்? ஒரு ஆள், இடுப்பு, முட்டிக்கால், முட்டிக்கால், மெதுவா விடுங்க. தொட்டது. சமையக்கட்டுக் கால் மடங்கவில்லை, நின்றது. ரப்பர் டயர் தாரில் ஓடுவதற்குச் சத்தமே இல்லை, வால் சக்கரமும் இறங்கியது, அது அவர்களுக்கு நேர் எதிரே, கல்லெறிந்தால் படுகிற தூரத்தில் ஓடி வேகம் குறைந்து நின்றது, விசிறி மட்டும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. 

எறங்கிருச்சா? என்று கேட்டார். கட்டைவிரல் இரண்டும் இன்னும் குச்சியில் விறைத்திருந்தன. அப்பவே சொன்னனுங்களே, ரெண்டு காலும் எறங்கிருச்சுன்னு. காலைக் கேக்கலை வசந்தா. உதடு அசையாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். பிளேனைக் கேக்கறேன், பிளேன் எறங்கிருச்சா? அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது விமானம் நிற்கிற இடத்தை அல்ல, இன்னும் தூரத்தில், விமானம் எப்போதோ தாண்டி வந்துவிட்ட இடத்தில், அங்கே ஒன்றுமில்லை, காய்ந்த சோளத்தட்டுத்தான். எறங்கிருச்சுங்க, நின்னுருச்சு. அவர் என்ஜினை நிறுத்தினார். கைதட்டல் கிளம்பியது. இவ்வளவா? இவ்வளவு போயிருக்கிறதா? வானத்தில் இருந்தால் கறுப்பாக ஏதோ தெரிகிறது, மண்ணுக்கு வந்ததும் ஒன்றுமே இல்லை, அப்படியென்றால் இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் இறக்கியது யார், முட்டிக்கால் இடுப்பு என்று சொல்லிக்கொண்டு நின்றவளா இறக்கினாள், அவள் வாய் குழறியிருந்தால், தும்மல் வந்திருந்தால், கட்டில் அகலத்தைப் பாய் அகலம் என்று சொல்லியிருந்தால்? கோபம் வந்தது, இத்தனை வருஷத்தில் அப்படி வந்ததில்லை, என்னை என்ன வேலை செய்ய வைத்திருக்கிறாய் பாவி என்று அந்தச் சட்டையைப் பிடித்து உலுக்கணும் போல, அதே நேரம் அந்தத் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொள்ளணும் போல. யாரிடமும் சொல்லாமல் இந்த இருட்டுக்குள் எத்தனை நாளாகத் தனியாக நிற்கிறார். சொன்னா வெக்கம், அழுதா துக்கம்.

ஹரிபாஸ்கர் ஓடி வந்து கையைக் குலுக்கினான். பிரமாதமுங்கண்ணா, பஞ்சு மாதிரி வெச்சீங்க. இன்னொரு ரவுண்டு போட்டுடலாமா, பந்தல்ல இருக்கறவங்க போட்டோ எடுக்கோணும்ங்கறாங்க, அவங்களுக்கு முன்னால தாழ்வா ஒரு தடவை. அதுக்கென்ன, போட்டுடலாம் என்றார் மருதாசலம், சிரித்துக்கொண்டு, அவன் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு. வேண்டாமுங்க தம்பி என்றாள் வசந்தாமணி. ஏனுங்கக்கா, காத்துத் தீந்துபோச்சுங்களா? ஆமாம் என்றால் போதும். அவளுக்குப் பழக்கமான வார்த்தைதான், எறங்கிருச்சுங்க மாதிரி, அதையும் சொல்லிவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், கத்தரிக்காய் கிடக்கிறது, குழம்பு வைக்கலாம், அடுத்த ஞாயிற்றுக்கிழமையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். பந்தலில் ஒருத்தி கைக்குழந்தையின் கையைப் பிடித்து விமானத்துக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குக் கண்ணு தெரியறதில்லைங்க என்றாள் வசந்தாமணி. பிளேன் எறங்கினதே அவருக்குத் தெரியலை, நான் சொல்லித்தான் தெரியும். சொல்லிவிட்டாள். தன் வாயா அது என்று இருந்தது. ஹரிபாஸ்கர் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். அவளால் நிமிர முடியவில்லை. இனி இந்த மனுஷன் என்னோடு பேசமாட்டார், சாகிறவரைக்கும் பேசமாட்டார், பேசாமல் போகட்டும், யார் வீட்டிலும் ஒப்பாரி விழாமல் இருந்தால் சரி என்று கண்ணில் தண்ணீர் கொட்ட நின்றாள்.

மருதாசலம் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றினார், வாரைச் சுருட்டினார், நிதானமாகச் சுருட்டினார், ஹரிபாஸ்கர் நிற்கிற திக்கில் நீட்டினார். கை அவனுக்கு ஒரு முழம் தள்ளி நீண்டது. அவன் நகர்ந்து வந்து வாங்கிக்கொண்டான். வசந்தா, பிளேன் எந்தப் பக்கம் நிக்குது? எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நேரா முன்னாலதானுங்க. கூட்டிட்டுப் போ, அந்தக் கால் எதுக்கு மாட்டுச்சுன்னு தொட்டுப் பாக்கோணும் என்று கையை நீட்டினார். அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள், அத்தனை பேர் பார்க்க, கல்யாணத்தன்று பிடித்ததற்கப்புறம் வெளியில் பிடித்ததே இல்லை. தார் சூடாக இருந்தது. ரோட்டோரத்தில் சின்னக் கல் ஒன்று கிடந்தது. பாத்து வாங்க என்று வாயில் வந்துவிட்டது, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதையெல்லாம் இனி நீ பாத்துக்க என்றார் அவர்.